முதல் குளியல்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை. சொன்ன தவசிமுத்து பொய் சொல்கிறவர் அல்ல. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் ஏதோ உறுத்தும். அந்தக் குறை அவரிடமா, என்னிடமா என்று தெரியாது.

தூத்துக்குடியில் மில் மூடியதும், நாற்பத்திரண்டு வயதில், அவர் வயரிங் வேலை கற்கப் போனார். குரு ஆரோனுக்கு வயது முப்பது. அவரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பத்தில் வாய் வரவில்லையாம்.

ஆரோனிடம் ஒரு வழக்கம். ஹீட்டரும் ஷவரும் மாட்டியவன்தான் அதில் முதலில் குளிக்க வேண்டும். அதற்குப் பிறகே வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பு.

"ஊரான் வீட்ல நான் எதுக்கு மாஸ்டர் குளிக்கணும்? டெஸ்டர் இருக்குல்லா?"

ஆரோன் ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

"சோப்பும் வேணுமா அண்ணாச்சி?"

பக்கத்தில் நின்ற கொத்தனார் சிரித்தார். தவசிமுத்து சிரிக்கவில்லை.

பிறகு ஒரு வீட்டில் தவசிமுத்துவுக்குத் தனியாக வேலை. வீட்டுக்காரரின் பிரசவமான மகள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். வெந்நீர் தயாராக இருக்க வேண்டும்.

அந்த வீட்டில் எர்த் இல்லை. ஹீட்டரில் கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குள் போக, குளிக்கிறவர் உடம்பைத் தவிர வேறு வழியும் இல்லை. குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, கம்பி இறக்க அரை நாள் ஆகும்.

தவசிமுத்து எர்த்துக்கான பச்சை வயரை மடக்கி, டேப் சுற்றி, பெட்டிக்குள் தள்ளினார். அது இல்லாமலும் தண்ணீர் சுடும்.

ஆரோன் வேலையைப் பார்க்க வந்ததும், தவசிமுத்து கொல்லைக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"குளிச்சாச்சா?"

"ஆச்சு."

ஆரோன் தலையைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். கரி படாத கைகள்.

"அப்ப நானும் குளிச்சிருதேன்."

சுவிட்ச் வெளியே, கதவை ஒட்டி இருந்தது. ஆரோன் அதைப் போட்டுவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்.

தண்ணீர் விழுந்தது.

ஆள் குளித்தால் சத்தம் மாறிக்கொண்டே இருக்கும். தோளில் பட்டு உடையும். ஒரு கணம் அடங்கும். மறுபடி கொட்டும்.

இது மாறவில்லை. நேராகத் தரையில், ஒரே சீராக.

"மாஸ்டர்."

தண்ணீர் மட்டும் விழுந்தது. கதவின் அடியில் ஆவி வரத் தொடங்கியது.

தவசிமுத்து சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் தள்ளினார்.

ஆரோன் மூலையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. உதடுகள் நொடிகளை எண்ணி அசைந்துகொண்டிருந்தன.

"நூத்திப்பதினேழு," என்றார். "நீங்க கூப்பிட்டது பதினொண்ணுல, அண்ணாச்சி."

அன்றே மண்வெட்டி எடுத்ததாகவும், அந்தப் பெண் மறுநாள்தான் அங்கே குளித்ததாகவும் தவசிமுத்து முடிப்பார். கேட்கிறவர்கள் குருவை மெச்சுவார்கள். நானும் மெச்சியிருக்கிறேன். உறுத்துவது என்ன என்று தெரிந்தபோது, கேட்கப் பயமாக இருந்தது. அவர் என்ன சொல்வாரோ என்பதைவிட, அது எனக்குப் புரிந்துவிடுமோ என்றுதான்.

போன மாதம் கேட்டுவிட்டேன்.

"பதினொண்ணுலேருந்து நூத்திப்பதினேழு வரைக்கும், சுவிட்ச் பக்கத்துல நின்னுக்கிட்டு, என்ன நினைச்சீங்க அண்ணாச்சி?"