வள்ளத்துத் தக்கையும் நண்டின் பெரிய கொடுக்கும்

இந்தக் கதையைக் கேட்பவர் முதலில் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வள்ளம் என்பது ஒரே மரத்தைக் குடைந்து செய்த படகு. அதன் அடியில், பின்பக்கமாக, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. கரையில் கிடக்கும்போது மழைநீர் வடிவதற்காக அதைத் திறந்துவைப்பார்கள். நீரில் இறக்குமுன் மரத்தக்கையால் அடைப்பார்கள். உப்பங்கழிக்கு அப்பால் ஒரு மணல்தீவு இருந்தது. அங்கே மீன் உண்டு, வெயில் உண்டு. குடிநீர் மட்டும் கிடையாது. வள்ளத்தை ஏற்றிவைக்க இடமும் கிடையாது. விட்டுவைத்தால் அலை அடித்து உடைத்துவிடும்.

அந்தக் காலத்தில் கழிக்கரை நண்டுக்கு இரண்டு கொடுக்குகளும் ஒரே அளவாக இருந்தன. தாழை பேசும், நண்டு மறுத்துப் பேசும், மனிதர்கள் இரண்டுடனும் வழக்காடுவார்கள். வள்ளத்துக்கு மூடி போடும் வழக்கம் மட்டும் அப்போது யாரிடமும் இல்லை.

காத்தாயியின் கணவன் சடையன் தன் தம்பியோடு கருவாடு காயவைக்கத் தீவுக்குப் போயிருந்தான். அவர்களை இறக்கிவிட்டு வள்ளத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவள் அவள்தான்.

"குடத்தில் தண்ணீர் அடியைத் தொட்டதும் புகை போடுவேன். கண்டவுடன் வந்துவிடு" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அன்றிலிருந்து காத்தாயிக்கு வேறு நினைப்பில்லை. சோறு வடிக்கும்போதும் அவள் கண் தீவின் பக்கமே இருந்தது. தீவைப் பார்த்து முடித்தால் வள்ளத்தைப் பார்ப்பாள். போன கோடையில் பக்கத்து வீட்டு வள்ளம் வெயிலில் வாய் பிளந்து கிடந்ததை அவள் மறக்கவில்லை. புகை எழும் நாளில் தன் வள்ளமும் அப்படிக் கிடந்தால்?

முதலில் தென்னங்கீற்றை எடுத்து வள்ளத்தின் மேல் தட்டையாகப் பரப்பினாள். மாலையில் பெய்த மழை கீற்றின் நடுவில் குளம்போல் தேங்கியது. பாரம் தாங்காமல் கீற்று உள்ளே விழுந்தது. பிறகு மாட்டுத்தோலைத் தைத்து, வள்ளத்தை முனையிலிருந்து முனைவரை போர்த்தி, ஒரு விரல்கூட நுழையாதபடி இறுக்கிக் கட்டினாள். சில நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது குப்பென்று பூஞ்சை நாற்றம் அடித்தது. நகத்தால் அழுத்தினாள், மரத்தில் நகம் பதிந்தது.

கரையோரத்துத் தாழைக்குப் பொறுக்கவில்லை. "ஏ காத்தாயி! உனக்குப் பயம் என்றால் மரம் என்ன செய்யும்? பிணத்தைக் கட்டுவதுபோல் கட்டியிருக்கிறாயே. அதற்கு மூச்சு வேண்டாமா?"

"திறந்தால் வெடிக்கிறது, மூடினால் மக்குகிறது. நான் என்னதான் செய்ய?"

"என் மடலை அறுத்துக்கொள். முள்ளைச் சீவிவிட்டுப் பாய் முடை. நடுவில் நீளவாக்கில் ஒரு கம்பை உயர்த்திக் கட்டி அதன்மேல் பாயைப் போடு; மழை இருபுறமும் வழிந்துவிடும். முன்னும் பின்னும் திறந்து விடு. காற்று புகுந்து போகட்டும். தப்பிச் சொட்டும் நீர் வடிய, அடித்தக்கையைப் பிடுங்கி வை."

தாழை சொன்னபடியே செய்தாள். மரம் மெல்ல உலர்ந்து இறுகியது. அந்த நிழல் ஒரு நண்டுக்கும் பிடித்துப்போயிற்று; பாயின் அடியிலேயே குடியேறிவிட்டது.

"வாடா மருமகனே, வீடு பிடித்திருக்கிறதா?" என்றாள் காத்தாயி.

"வீடு நன்றாயிருக்கிறது, அத்தை. தரையில்தான் ஓட்டை. தக்கை எங்கே?"

"பத்திரமாக இருக்கிறது. உன்னைப்போல் கண்ட இடத்தில் போடுகிறவளா நான்?"

உண்மைதான். குழந்தைகள் எடுத்து விளையாடுவார்கள், நீரேற்றம் இழுத்துப் போய்விடும் என்றெல்லாம் அஞ்சி, தக்கையை வீட்டுக்கு எடுத்துப்போய் உப்புப் பானைக்குள் புதைத்திருந்தாள்.

ஒரு நாள் விடிந்து வெயில் ஏறும் வேளை. தீவின் மேல் புகை எழுந்தது.

காத்தாயி ஓடினாள். நீர்க்குடத்தை வள்ளத்தில் ஏற்றினாள். பாயை இழுத்து எறிந்தாள். வள்ளத்தைத் தள்ளி ஏறினாள். கழியின் நீர் கடலை நோக்கி வடிந்துகொண்டிருந்த நேரமாகையால், வள்ளம் அம்புபோல் வெளியே பாய்ந்தது. இதோ வந்துவிட்டேன், இதோ வந்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடுப்பைப் போட்டாள்.

கால் நனைந்தது. அலை தெளித்த நீர் என்று நினைத்தாள். கணுக்கால் நனைந்தது. குனிந்து பார்த்தாள். பின்பக்கத் துளையில் நீர் ஊற்றாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

உப்புப் பானை அவள் கண்முன் வந்து நின்றது.

திரும்ப முடியாது, நீரோட்டம் எதிரே. முந்தானையைக் கிழித்துத் துளையில் திணித்தாள்; நீர் அதைத் துப்பியது. குதிகாலால் மிதித்துக்கொண்டால் துடுப்புப் போட முடியவில்லை. துடுப்புப் போட்டால் வள்ளம் நிறைந்தது. தீவில் புகை மெலியத் தொடங்கியது. எரிக்கச் சருகு இல்லையா, எரிக்க ஆள் இல்லையா?

"அத்தை! என் வீடு ஏன் மிதக்கிறது?"

முன்பக்க மூலையில் உறங்கிக் கிடந்த நண்டு நனைந்து எழுந்து வந்தது.

"தக்கையை மறந்துவிட்டேனடா!"

"பத்திரமாக இருக்கிறது என்றாயே?"

"பத்திரமாகத்தான் இருக்கிறது! வீட்டில், உப்புப் பானையில்!"

நண்டு துளையைப் பார்த்தது. அவள் முகத்தையும் பார்த்தது. நீந்திப் போய்விட அதற்குத் தெரியும். ஆனாலும் தன் கொடுக்கு ஒன்றைத் துளைக்குள் தோள்வரை நுழைத்து, கால்களை மரத்தில் ஊன்றிக்கொண்டது. ஊற்று நின்றது.

"வலிக்கிறதா, மருமகனே?"

"அதை அப்புறம் பேசலாம். துடுப்பை விடாதே."

காத்தாயி ஒரு கையால் நீரை இறைத்தாள். மறு கையால் துடுப்பை வலித்தாள். தீவை அடைந்தபோது அண்ணனும் தம்பியும் நாக்கு வறண்டு, பேச்சு எழாமல் கிடந்தார்கள். குடத்தைக் கவிழ்த்துக் குடித்த பிறகுதான் சடையனுக்குக் குரல் வந்தது. செய்தி கேட்டதும் அவன் ஒரு குச்சியைச் சீவித் தக்கை செய்தான். ஆனால் நண்டின் கொடுக்கோ உப்புநீரில் ஊறி வீங்கித் துளையில் இறுகியிருந்தது.

"இழுத்தால் கொடுக்கு ஒடிந்துவிடும்" என்றான் சடையன்.

"அப்படியானால் இழுக்காதே, மாமா. கரைவரைக்கும் நானே தக்கை" என்றது நண்டு.

கரை சேர்ந்ததும் வள்ளத்தை ஏற்றித் தாழம்பாயைப் போட்டார்கள். காத்தாயி அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். நிழலில் மரம் உலர உலர, துளை பிடி விட்டது. கொடுக்கு வெளியே வந்தது. வீக்கம் மட்டும் வடியவில்லை. அந்தக் கொடுக்கு நண்டின் உடம்பளவு பெருத்திருந்தது. மற்றது பழையபடி சிறியதாகவே இருந்தது.

"உன்னை இப்படி ஆக்கிவிட்டேனே" என்று காத்தாயி அழுதாள்.

"அழாதே, அத்தை. இனி உன் தக்கையை உப்பில் ஊறப்போடாதே, அது போதும்."

பிறகு கழிக்கரையில் வழக்கமானவை இவை. வள்ளத்து மூடி தாழம்பாயாக இருக்க வேண்டும்; நடுவில் உயர்ந்து, இருபுறமும் சரிந்து, முன்னும் பின்னும் திறந்திருக்க வேண்டும். பாயின் கயிற்றைத் தரையில் அறைந்த முளைகளில் கட்ட வேண்டும். தக்கையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பாய்க்கயிற்றின் முடிச்சிலேயே கோத்துவைக்க வேண்டும். முடிச்சை அவிழ்க்காமல் பாய் வராது. தக்கை கைக்கு வராமல் முடிச்சு அவிழாது. நண்டின் மனைவி அன்று வளையில் இருந்தாள். ஆகவே பெண் நண்டுகளுக்குக் கொடுக்கு இரண்டும் இன்றும் சிறியவையே.

அன்று முதல்தான், கழியில் எந்த வள்ளம் கிளம்பினாலும், ஆண் நண்டு வளைவாசலில் நின்று தன் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது. துடுப்பில் கை வைத்தவரும் ஒருமுறை குனிந்து தக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.