மயிலேறிக்குக் கிடைத்த வைரம்

வாய் மட்டும் இல்லாவிட்டால் மயிலேறியை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். சொன்னது வேறு யாருமல்ல, மயிலேறியேதான். கருவேலங்குளத்து ராசா வீரகேசரியின் சபையில் விகடம் பேசுவது அவர் உத்தியோகம். சோறு போட்ட அந்த வாய்தான் ஒரு நாள் அவரைக் கழுதைமேல் ஏற்றப் பார்த்தது.

ராசா பிறந்த அன்று நட்ட தேக்குமரம் ஒன்று அரண்மனைத் தோட்டத்தில் நின்றது. ஒரு காலை ராசா அதைத் தட்டிக்கொடுத்து, "பார்த்தீரா, என்னைப் போலவே எப்படி நிற்கிறது!" என்றார்.

"ஆமாம் மகாராசா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போனால் அவர் மயிலேறியா? முந்தின நாள் தச்சு ஆசாரியிடம் கேட்ட சங்கதி நாக்கில் அரித்தது.

"இதில் முக்கால்வாசி செத்துப்போச்சு, மகாராசா!"

கூட வந்த பிரதானி தீத்தாரப்பருக்கு வாயெல்லாம் பல். மயிலேறி எப்போது வழுக்கி விழுவார் என்று பத்து வருஷமாகக் காத்திருந்தவர் அவர்.

"ஐயையோ, ராசாவோடு பிறந்த மரம் செத்ததாம்! இந்த ஆள் ராசாவுக்கே நாள் குறிக்கிறான்!"

ராசா முகம் சிவந்தது. "ஓய்! செத்தது என்று இங்கேயே காட்டும். அது எனக்குப் பெருமைதான் என்றும் காட்டும். இல்லையேல் மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, எல்லைக்கு அப்பால் விரட்டிவிடுவேன்!"

மயிலேறி தலையைத் தடவிப் பார்த்தார். மொட்டை பரவாயில்லை, பாதி வேலையை வயசே முடித்துவிட்டது. ஆனால் இந்த ஊரை விட்டால் இந்த வாய்க்கு எவன் சோறு போடுவான்?

காற்றில் ஒடிந்து தொங்கிய கிளையை முறித்து ஒரு சாண் துண்டாக்கினார். ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு மறுமுனையில் ஊதினார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, தொட்டியில் குமிழி குமிழியாகக் கிளம்பியது.

"பார்த்தீர்களா மகாராசா? உள்ளே மயிரிழை மாதிரி குழாய்கள். உயிரோடு இருக்கும்வரை அவற்றின் வயிறு நிறைந்திருக்கும், தண்ணீருக்கு வழி கிடையாது. செத்துக் காலியான பிறகுதான் வேர் குடித்த தண்ணீர் உச்சி இலைவரை ஏறும். வயசானால் அதுவும் அடைபட்டு, நடுமரத்தில் இறுகிப்போகும். அந்தச் செத்த கட்டைக்கு ஆசாரி வைத்த பேர் என்ன தெரியுமா? வைரம்! ஐம்பது வருஷமாகப் புயலில் உங்கள் மரத்தைத் தாங்குவது அதுதான்."

ராசாவின் மீசை லேசாகத் துடித்தது. பிரதானிக்குப் பொறுக்கவில்லை.

"மகாராசா, இந்த மரமண்டை சொல்வதையா நம்புகிறீர்கள்?"

"சத்தியமான வார்த்தை!" என்று மயிலேறி கும்பிட்டார். "என் மண்டை மரமண்டையேதான். உள்ளே இருந்ததெல்லாம் செத்துக் காலியாகி ரொம்ப நாளாச்சு. அதனால்தான் ஆசாரி சொன்னது சரசரவென்று ஏறியது. பிரதானி மண்டை இன்னும் பச்சையாக இருக்கிறது. பாவம், எதுவுமே ஏற மாட்டேன் என்கிறது!"

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிழைத்தீர் ஓய்! கழுதை வேண்டாம். நாளைக் காலை மயிலேறி வீட்டுக்கு ஒரு வைரம் அனுப்புங்கள்!"

மயிலேறிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஓடி, பெண்டாட்டி சிவகாமியிடம், "வைரம் வருகிறதடி! மூக்குத்தியா, மோதிரமா, நீயே முடிவு பண்ணு" என்றார்.

விடிந்ததும் வைரம் வந்தது. நாலு ஆள் தூக்கி வந்தார்கள். பட்டை சீவி, சுற்றியிருந்த வெளிர்மரமெல்லாம் செதுக்கி எடுத்த தேக்குக் கட்டை. "எங்கே இறக்கணும், ஐயா?" என்று மூச்சிரைத்தார்கள்.

சிவகாமி கட்டையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"மரக்கட்டைதான் ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருக்கிறதே!"