இடியின் மேல் பட்ட கால்

அந்தக் காலத்தில் காக்கை பேசியது, கழுதை பேசியது, மோட்டார் சைக்கிளும் பேசியது. காக்கையும் கழுதையும் பேசினால் யாரும் நின்று கேட்கமாட்டார்கள். மோட்டார் சைக்கிள் பேசினால் மட்டும் ஊரே கூடிவிடும். அடுத்த வண்டியை ஏசுவதற்குத்தான் அது வாயையே திறக்கும்.

வண்டிகளில் அப்போது இரண்டே இனம். ஒன்று இடி. கனத்த உடம்பு, தொண்டைக்குள் உருளுகிற குரல். இன்னொன்று தும்பி. மெலிந்த உடம்பு, கீச்சுக் குரல், போகிற இடமெல்லாம் வெள்ளைப் புகை. தும்பியைத் தகர டப்பா என்பார்கள் இடிக்காரர்கள். இடியை எருமை என்பார்கள் தும்பிக்காரர்கள். ஒரே மரத்து நிழலில் இரண்டும் நிற்காது. தும்பிக்குப் பின்னால் இடி போகவே போகாது. முந்த முடியாவிட்டால் ஓரமாக நின்று, தும்பி கண்ணைவிட்டு மறைந்த பிறகுதான் கிளம்பும். எதிராளி வண்டியில் கை பட்டாலே சண்டை. கால் பட்டால் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை போகும்.

சண்முகக்கனி இடிக்காரி. உப்பு வியாபாரி. தலைச்சுமையில் ஆரம்பித்து, கழுதைக்கு வந்து, கழுதையிலிருந்து இடிக்கு ஏறியவள். எல்லாம் வாயால் சம்பாதித்தது. அவளிடம் விலை பேச உட்கார்ந்தவனுக்கு நாக்கு வறண்டுபோகும். கோபமும் அதே அளவுதான், சுருக்கென்று வரும்.

அந்த வருஷம் மழை முன்கூட்டியே வந்து அவள் உப்பளத்து உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது வண்டியில் கட்டிய மூட்டைகள்தான். அவை நனையாமல் குன்றடிச் சந்தை போய்ச் சேர்ந்தால் மறுபடியும் பாத்தி கட்டலாம். சேராவிட்டால் இடியை விற்றுவிட்டுப் பழையபடி தலைச்சுமைக்குத்தான் போகவேண்டும்.

அவள் கிளம்பும் நேரம் பார்த்து அளத்து வாசலில் பால்வண்ணன் வந்து நின்றான். தும்பியில் ஊர் ஊராகப் போய்க் கண்ணாடி வளையல் விற்கிறவன்.

"என்ன உப்புக்காரம்மா, எருமைக்குத் தவிடு வச்சாச்சா?"

"உன் டப்பாக்குள்ள ரெண்டு கல்லப் போட்டு ஆட்டுனா இதவிட நல்லா சத்தம் வரும்வே."

"சத்தம் எதுக்கு? நாங்க போய்ச் சேந்து, சோறு தின்னு, தூங்கி முழிச்ச பெறகுதான உங்க சத்தமே ஊருக்குள்ள வரும்."

இடி மெதுவாகக் கனைத்தது. "தாயி, ஒரு சங்கதி."

"சும்மா இரு. பேசிக்கிட்டிருக்கேன்ல."

"பெட்ரோல் தாயி..."

"சும்மா இருன்னேன்."

இடிக்கும் மானம் உண்டு. அதற்குமேல் அது வாய் திறக்கவில்லை.

சங்கதி இதுதான். டேங்கில் பெட்ரோல் குறைந்தால் வண்டி இருமும். அப்போது குழாயை ரிசர்வுக்குத் திருப்பினால் அடியில் கிடப்பதை வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டலாம். சண்முகக்கனி முந்தின நாளே திருப்பிவிட்டாள். அதற்குப் பிறகு பெட்ரோல் போட மறந்துபோனாள். இப்போது வாய்ச்சண்டையின் சூட்டில் புழுதி பறக்கக் கிளம்பினாள்.

நடுப்பொட்டலில், ஒரு பனைகூட இல்லாத இடத்தில், இடி இருமாமலே நின்றது.

"இதத்தான் காலையில சொல்ல வந்தேன்," என்றது.

"இப்ப சொல்லு. நல்லா விளக்கமா சொல்லு."

வடகிழக்கில் மேகம் திரண்டுகொண்டிருந்தது. இறங்கித் தள்ளிப் பார்த்தாள். மூட்டைப் பாரத்தில் சக்கரம் மணலில் புதைந்தது. மணலை ஏசினாள், மேகத்தை ஏசினாள், தன்னையும் கொஞ்சம் ஏசிக்கொண்டாள். அப்போதுதான் பின்னால் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டது. உடனே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறவள் மாதிரி நின்றாள்.

பால்வண்ணன் தும்பியை நிறுத்தினான். "என்ன, நின்னுட்டீங்க?"

"காத்து வாங்குதேன்."

"அது மழைக்காத்துல்லா."

அவன் மூட்டையைப் பார்த்தான், மேகத்தைப் பார்த்தான். அதற்குமேல் கேலி பண்ண அவனுக்கு மனசு வரவில்லை.

"பெட்ரோல் தரலாம். ஆனா எங்க பெட்ரோல்ல ஆயில் கலந்திருக்கு, உங்க வண்டி வயித்துக்கு ஒத்துக்காது. கயிறு கட்டி இழுக்கட்டுமா?"

"தும்பிக்குப் பின்னால நான் வரமாட்டேன்," என்றது இடி. "நனைஞ்சு துருப்பிடிச்சாலும் சரி."

"நனைஞ்சா கரையப்போறது என் உப்பு," என்றாள் சண்முகக்கனி. சொன்னாளே தவிர, தும்பியின் புகையைக் குடித்துக்கொண்டு சந்தைக்குள் நுழைவதை நினைத்தால் அவளுக்கும் உடம்பு கூசியது.

"அப்போ நான் பின்னால வாரேன்," என்றது தும்பி. "அவரு முன்னால போட்டும்."

பின்னாலிருந்து எப்படி நகர்த்துவது? பால்வண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "நீங்க ஏறி உக்காருங்க. நான் பக்கத்துல ஓட்டிக்கிட்டே உங்க வண்டியத் தள்ளலாம். ஆனா கைக்கு எட்டாது. கால் படும்."

அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. இடியின் மேல் தும்பிக்காரன் காலா? வேறு நாளாக இருந்தால் அவன் குலத்தையே இழுத்திருப்பாள். மூட்டையில் கை வைத்தாள். சாக்கு ஈரக்காற்றில் பிசுபிசுக்க ஆரம்பித்திருந்தது. புறங்கையில் ஒரு துளி விழுந்தது.

"வை," என்றாள். பேரம் பேசாமல் அவள் ஒத்துக்கொண்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பால்வண்ணன் செருப்பைக் கழற்றி வளையல் பெட்டியில் மாட்டினான். வெறுங்காலை இடியின் பின்பக்க மிதிகம்பியில் ஊன்றினான். தும்பி முக்கியது, முனகியது, புகையாய்க் கக்கியது. பிறகு இரண்டு வண்டியும் சேர்ந்து நகர்ந்தன. வளையல்கள் கலகலவென்று அடித்துக்கொண்டன.

முதலில் பேசியது இடிதான். "முன்னால குழி இருக்கு தம்பி. பாத்து."

"பாத்துட்டேன் அண்ணே," என்றது தும்பி.

சந்தையின் தகரக் கொட்டகைக்குள் இடி நுழையவும் வெளியே மழை கொட்டவும் சரியாக இருந்தது. உப்பில் ஒரு கல்கூடக் கரையவில்லை. ஆனால் அங்கே ஒதுங்கி நின்ற இடிக்காரர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். மூத்த இடிக்காரர் சிவனணைந்தான் முன்னால் வந்தார்.

"சண்முகக்கனி, தும்பிக்காரன் கால் உன் வண்டியில பட்டுச்சா இல்லையா?"

பால்வண்ணன் தும்பியை நிறுத்திவிட்டு நொண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலக் காட்டுவே."

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டுன்னேன்."

பாதத்தின் ஓரம் முழுக்கக் கொப்புளம். கால் வழுக்கும்போதெல்லாம் சைலன்சரில் பட்டிருக்கிறது. இடி நின்றுபோனாலும் சைலன்சரின் சூடு ஆறியிருக்கவில்லை.

"செருப்போட வச்சா என்ன?"

"உங்க வண்டியாச்சே அக்கா. செருப்புக் காலை எப்படி வைக்க?"

சண்முகக்கனி சிவனணைந்தான் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, பட்டுச்சு. நான்தான் வைக்கச் சொன்னேன். இனிமே எவன் வண்டி நின்னாலும், அது எந்த வண்டியா இருந்தாலும், பின்னால வாரவன் காலை வைக்கட்டும். செருப்போட வைக்கட்டும். இதுல மானம் போச்சுன்னு சொல்லுதவரு, நடுப்பொட்டல்ல மழை வாரப்ப நின்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட பேசட்டும்."

சிவனணைந்தான் தொண்டையைச் செருமினார். "அப்போ தும்பி நல்ல வண்டின்னு ஒத்துக்கிடுதியா?"

"அதெப்படி? தகர டப்பாதான்."

"அது எருமைதான்," என்றான் பால்வண்ணன், காலை ஊதிக்கொண்டே.

அன்று முதல்தான், நடுவழியில் வண்டி நின்று ஒருவன் தள்ளிக்கொண்டு போனால், பின்னால் வருகிறவன் டேங்கில் எழுதியிருக்கும் பெயரைப் பார்க்காமல் செருப்புக் காலை நீட்டித் தள்ளிக்கொண்டு போகிறான். பெட்ரோல் பங்க்கில் கொண்டுபோய் விட்டதும், "இந்த வண்டிய வித்துட்டு நம்ம வண்டிய வாங்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான்.