உடுப்பறைக்கு எத்தனை அடி?

"குருவே, ஓர் உடுப்பறை எவ்வளவு பெரிசா இருக்கணும்?"

ஆறுமுகநயினார் இதைக் கேட்டபோது இசக்கிச்செல்வி ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"யாருக்கு?" என்றாள்.

அவர் கீழே கிடந்த மரச்சுருள் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார். அறுபத்திரண்டு வயதில் வெட்கப்படுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

பாளையங்கோட்டைக்கு வெளியே, இசக்கிச்செல்வியின் தச்சுப் பட்டறைக்கு அவர் வர ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் முப்பத்து மூன்று வருஷம் நில அளவை செய்தவர். ஓய்வு பெற்றதும் மரவேலை கற்றுக்கொள்ள ஆசை வந்தது. அவளுக்கு வயது முப்பத்தொன்று. முதல் மூன்று மாதம் உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சம்மதமானால் வரலாம் என்று சொன்னாள். தேய்த்தார்.

குரு என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். நான்காவது மாதத்தில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவருக்குக் கல்யாணம். பதிவாளர் அலுவலகத்தில், காலை பதினொரு மணிக்கு. பெண், சண்முகவடிவு. அறுபது வயது. பெரியாஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், அவருடைய மனைவி கோமதி கடைசி ஆறு வாரம் படுத்திருந்த வார்டில் வடிவுதான் நர்ஸ். கோமதி போன பிறகு அவர் அந்தப் பக்கம் போகவேயில்லை. போன வருஷம் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் கிளிப்பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் வந்து, "என்ன சர்வேயர் சார், சௌக்கியமா?" என்று கேட்டாள். அவருக்கு ஆள் தெரியவில்லை. வெள்ளையில் மட்டுமே பார்த்த முகம்.

பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். கல்யாணம் நிச்சயமான பிறகும் அவளை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள்.

ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் ஒன்று சொன்னாள். சின்ன வயதில் ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர். அப்புறம் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் உடை மாற்றுகிற அறை. அதற்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது. ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, அவசரமில்லாமல், நின்று சேலை கட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் தனக்கு நெடுநாள் ஆசை என்றாள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அவர் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்துப் பின் அறையை அளந்தார். பத்தடிக்கு ஒன்பதடி.

இதையெல்லாம் அவர் சொல்லி முடிக்கும்வரை இசக்கிச்செல்வி இழைத்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். நாலு சுவரிலும் மூன்றடி ஆழத்துக்குத் தட்டு. அங்குலம் பிசகாத கோடுகள்.

வடிவுக்கு எத்தனை சேலை என்று குரு கேட்டாள்.

தெரியாது என்றார். தன் இரண்டு அக்காமாரின் சேலைகளை எண்ணி, கூட்டி, இரண்டால் வகுத்து வைத்திருந்தார்.

குரு ஒரு சாக்பீஸை எடுத்து அவர் கையில் வைத்தாள். முற்றத்துச் சிமெண்டுத் தரையைக் காட்டினாள்.

அவர் முழு அளவில் வரைந்தார். தட்டுகள் வரவேண்டிய கோட்டின்மேல் அவள் பிளைவுட் பலகைகளை நிறுத்தி முட்டுக் கொடுத்தாள்.

"உள்ள போங்க."

போனார்.

"சட்டையைக் கழட்டி மாட்டுங்க."

ஒரு கையை உருவினார். முழங்கை இடப்பக்கப் பலகையில் இடித்தது. இன்னொரு கையை உருவினார். வலப்பக்கப் பலகை சாய்ந்து அவர் தலைமேல் விழுந்தது.

குரு இழைப்புளிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் இரண்டு சுவரில் மட்டும் தட்டு வைத்து வரைந்து வந்தார். நின்று, குனிந்து, நிமிர்ந்து, சட்டை மாற்றிக் காட்டினார். எதிலும் இடிக்கவில்லை. பனியனோடு, ஜெயித்தவர் மாதிரி நின்றார்.

இசக்கிச்செல்வி ஒரு பலகையைக் கதவு போலப் பிடித்துக்கொண்டு வாசல் கோட்டில் நின்றாள். உள்பக்கமாகத் தள்ளினாள். அது அவருடைய முட்டியில் போய் நின்றது.

"கதவை மறந்துட்டேன்," என்றார்.

அவள் பலகையைச் சாய்த்து வைத்தாள். தன் பங்கு டீயில் பாதியை அவர் டம்ளரில் ஊற்றினாள்.

மூன்றாவது வரைபடத்துக்கு அவர் நாலு நாள் எடுத்துக்கொண்டார். கதவு வெளியே திறந்தது. ஒரு சுவரில் சேலைக்குத் தட்டுகள், அடுத்த சுவரில் தொங்கவிடக் கம்பி, ஆளுயரக் கண்ணாடி, உட்கார்ந்து செருப்பு மாட்ட ஒரு மரப்பெட்டி. ஜன்னலோரத்து மூலையில் ஒரு சதுரம் மட்டும் சும்மா கிடந்தது. அதற்குள் பொடி எழுத்தில் 'தூண்' என்று எழுதியிருந்தார்.

குரு நெடுநேரம் பார்த்தாள். தலையாட்டினாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தரையில் வரையச் சொன்னாள். வரைந்தார். பலகைகளை நிறுத்தினார்கள். குரு வாசல் வழியாக உள்ளே போனாள். கம்பி இருக்கும் இடத்தைத் தொட்டாள். கண்ணாடி இருக்கும் இடத்தில் தலைமுடியைச் சரிசெய்தாள். அப்புறம் நேராக அந்த மூலைக்கு நடந்து, தூணுக்குள்ளேயே புகுந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்தாள்.

"குருவே, அங்க தூணுல்லா இருக்கு?"

"இருக்கா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வீட்டுப் பின்கதவைப் பழுது பார்க்க வந்தவளே இவள்தான். அந்த அறை அவளுக்குத் தெரியும்.

ஆறுமுகநயினார் மரத்தூளின்மேல் உட்கார்ந்துவிட்டார். முப்பத்து மூன்று வருஷத்தில் இல்லாத ஒன்றை அவர் எந்தக் காகிதத்திலும் இருப்பதாக எழுதியதில்லை.

அந்த மூலையில் இருந்தது கோமதியின் பீரோ. அவள் போனபோது பூட்டியது. அப்புறம் அவர் அதைத் திறக்கவில்லை. தூக்கிப் போட மனம் வரவில்லை. எங்கே நகர்த்தினாலும் வீட்டில் வேறு மூலை ஏதோ குறைபட்ட மாதிரி இருந்தது. புதுசாக வருகிற பெண் அதைப் பார்த்தால், இது இன்னொருத்தி வீடு, நாம் விருந்தாளி என்று நினைத்துவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். அதைச் சுற்றி எப்படி வரைந்தாலும் அறை சரியாக அமையவில்லை. அந்த நாலு நாளில் வீட்டில் பதினாறு படம் போட்டுப் பார்த்துவிட்டார்.

"நான் என்ன செய்யணும், குருவே?"

"இது தச்சு வேலை இல்லியே, அண்ணாச்சி."

அவர் மரத்தூளில் விரலால் கோடு கோடாகக் கீறினார். அவள் சொன்னாள்:

"அவங்களை வரச் சொல்லுங்க."

மறுநாள் காலை வடிவு ஆட்டோவில் வந்து இறங்கி, அதை வாசலில் காத்திருக்கச் சொன்னாள். கத்தரிப்பூ நிறச் சேலை. ஓய்வு பெற்ற பிறகு அவள் வெள்ளை பக்கமே போவதில்லை. பட்டறை முழுக்கச் சுற்றி வந்தாள், மரத்தையெல்லாம் முகர்ந்து பார்த்தாள், தேக்கு எது, வேம்பு எது என்று இசக்கிச்செல்வியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

பிறகு முற்றத்துக்கு வந்து கோடுகளைப் பார்த்தாள்.

"இது என்னது, கபடி ஆடவா?"

உங்களுக்கு ஓர் அறை என்று அவர் சொன்னார். நீங்க அன்னைக்குச் சொன்னீங்கல்லா, கதவைச் சாத்திக்கிட்டு, என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினார்.

வடிவு அவரை ஒருதடவை பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் கோடு வழியாக உள்ளே போனாள். கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் அந்தச் சதுரத்துக்கு முன்னால் நின்றாள்.

"இது?"

அவர் இசக்கிச்செல்வியைப் பார்த்தார். அவள் உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பீரோ," என்றார். "கோமதியோடது."

"இருக்கா அது?" வடிவு சட்டென்று திரும்பினாள். "உள்ள எல்லாம் அப்படியே இருக்கா?"

இருக்கிறது, மன்னிக்கணும், எடுத்துவிடலாம் என்றுதான் பார்க்கிறேன் என்று அவர் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாவி எங்க? வாங்க, போவோம்."

மூன்று பேரும் அதே ஆட்டோவில் போனார்கள். இசக்கிச்செல்வி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியில் வடிவு அந்தக் கதையைச் சொன்னாள்.

வார்டில் ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது கோமதி அவளை ஏற இறங்கப் பார்த்தாளாம். எப்போ பார்த்தாலும் வெள்ளையாவே கட்டுதீங்களே சிஸ்டர், பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு வலிக்கு என்றாளாம். வீட்டில் மருதாணிச் சிவப்பில் ஒரு சுங்குடிச் சேலை இருக்கிறது, வாங்கிப் பிரிக்கவேயில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாளாம்.

"வாரேன்னு சொன்னேன். மறு வாரம் அவங்க இல்ல. நான் போயி யார்ட்ட கேக்க?"

ஆறுமுகநயினாருக்கு இது புதுச் செய்தி. ஆனால் ஆச்சரியமாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரி நன்றாயிருக்கிறது என்று சொன்னால் காதுத் தோட்டையே கழற்றிக் கொடுக்கப் போனவள் கோமதி. அதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. கோமதியை நினைத்து அவர் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆட்டோ குலுங்கியதில் சிரிப்பு இன்னும் கூடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

பின் அறையில் பீரோ முரண்டு பிடித்தது. இசக்கிச்செல்வி கைப்பிடியை ஒரு தூக்குத் தூக்கியதும் திறந்துகொண்டது. பாச்சை உருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது.

அடியில், இரண்டு பட்டுக்கு நடுவில், கடைக் காகிதத்தோடு அது இருந்தது. மருதாணிச் சிவப்பு. வெள்ளைப் புள்ளிகள்.

வடிவு அதை எடுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"கட்டிப் பாக்கட்டா?"

அவர் தலையாட்டினார்.

இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. சேலை உதறுகிற சத்தம் கேட்டது. யாரும் அவசரப்படவில்லை. முன்கூடத்தில் அவர் நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் நின்றார். ஏதோ பாட்டை அவள் முனகுவது கேட்டது.

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

"கொஞ்சம் வாங்களேன். பதினோரு வருஷக் கஞ்சி, படிய மாட்டேங்கு. கீழ கொசுவத்தைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

ஆறுமுகநயினார் இசக்கிச்செல்வியைப் பார்த்தார். பெண்கள் சமாச்சாரம், நீ போ என்பது போல.

"என் கையெல்லாம் பாலிஷ், அண்ணாச்சி," என்றாள்.

அன்றைக்கு அவள் பாலிஷ் டப்பாவைத் திறக்கவேயில்லை.

அவர் உள்ளே போனார். வடிவு சேலையைக் கட்டி முடித்து, இடுப்பில் கொசுவத்தைப் பிடித்தபடி நின்றாள். கண்ணாடி இல்லாத அறை. அவள் எப்படியிருக்கிறாள் என்று அவர் முகத்தில்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாள். அவளுடைய முகமும் சிவந்துவிட்டது.

அவர் ஒரு முட்டியை ஊன்றினார். இன்னொரு முட்டியையும் ஊன்றினார். ஒவ்வொரு மடிப்பாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து நீவினார். மூன்றாவது மடிப்பு நழுவிற்று.

"மறுபடியும் முதல்ல இருந்து," என்று மேலேயிருந்து அவள் சொன்னாள். குரலில் சிரிப்பு இருந்தது. "மெதுவாப் பிடிங்க. எனக்கு ஒரு சோலியும் இல்ல."

அவருக்கும் எழுந்திருக்கிற எண்ணமில்லை. வசதியாக உட்காரக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

வாசலில் நின்றிருந்த இசக்கிச்செல்வி உள்ளே வந்தாள்.

"அசையாதீங்க, அண்ணாச்சி. தட்டு இதுக்குப் பின்னாலதான் வரணும்."

குனிந்து, அவருடைய குதிகாலுக்குப் பின்னால், தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.