கூட இருக்க ஒருவர்

ஒரு சொல். வீட்டு வாசலில் அதைச் சொல்லாமல் விட்டால் விருந்தாளிக்கு மனம் கோணும். ஆஸ்பத்திரி வாசலில் அதையே சொன்னால் மனம் கோணும். என்ன சொல், சொல்லுங்கள் பார்ப்போம்.

டாக்டர் நிறைமதிக்கும் அது தெரியவில்லை. உப்பளக்கரை ஊரின் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். பிள்ளை குணமாகி, அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய ஒரு தாயிடம், "போயிட்டு வாங்க" என்றாள். அந்தத் தாயின் முகம் சுருங்கிப் போயிற்று.

"ஏம்மா, மறுபடியும் வரச் சொல்றியா?" என்று சிரித்தார் பெரிய டாக்டர் ஜெபமணி. "இங்கே 'நல்லா இருங்க'ன்னு சொல்லணும்."

நிறைமதி சிரிக்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தாள். அங்கே எட்டு வயது முத்துமாரி. இரத்தப் புற்று. இனி வலிக்குத்தான் மருந்து உண்டு, நோய்க்கு இல்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று காலையில் சொன்னதே நிறைமதிதான்.

"அவளை என்ன சொல்லி அனுப்புறது சார்?"

"வீட்டுக்குப் போகணும்னு அவ சொன்னாளா?"

"எந்தக் குழந்தை சார் ஆஸ்பத்திரியில இருக்கேன்னு சொல்லும்?"

"கேட்டியா?"

நிறைமதி கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். பெரிய டாக்டர் பின்னாலேயே வந்து நின்றார்.

"புது டாக்டரா? கோட்டுக்குள்ள ஆளையே காணோம்" என்றாள் முத்துமாரி.

"வளர்ந்துடுவேன்." சொன்ன பிறகு நிறைமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பாப்பா, வீட்டுக்குப் போறியா, இங்கேயே இருக்கியா?"

"வீட்டுக்குப் போனா காய்ச்சல் போயிருமா?"

நிறைமதி பெரிய டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போகாது" என்றாள்.

"இங்க இருந்தா?"

"இங்கேயும் போகாது. எங்கே இருந்தாலும் வலிக்காமப் பார்த்துக்குவோம்."

முத்துமாரி, கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள். "வீட்டுக்குப் போனா நீ உப்பளத்துக்குப் போவியாம்மா?"

அம்மா தன் விரல்களைப் பார்த்தாள். உப்பில் வெடித்த விரல்கள், வார்டுக்கு வந்த பிறகு ஆறியிருந்தன.

"போவணும்லா, மக்கா. போவாம எப்படி?"

"இங்க இருந்தா?"

குழந்தையோடு ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது அந்த வார்டின் விதி.

"இங்கன்னா உன் கூடத்தான இருப்பேன்."

முத்துமாரி இங்கேயே இருப்பதாகச் சொன்னாள்.