நாலாவது கால்

அந்தக் காலத்தில் மாடுகளுக்குப் பேச்சு இருந்தது, கொக்குகளுக்கும் இருந்தது. மாடுகள் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

காங்கேயம் பக்கத்தில் ஒரு கொறங்காடு இருந்தது. சுற்றிலும் முள்வேலி போட்டு, உள்ளே வேலமரமும் கொழுக்கட்டைப் புல்லும் வளரவிட்ட மேய்ச்சல் காட்டைத்தான் அந்தப் பக்கத்தில் கொறங்காடு என்பார்கள். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வெளியே பச்சை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. வேலிக்குள் மட்டும் ஒரு மந்தை கோடையைத் தாண்டுகிற அளவுக்குப் புல் நின்றது. ஆனால் வேலிக்கு வெளியே நின்ற மந்தைகள் இரண்டு.

முட்டிக்கொண்டு செத்துப்போவதைவிடப் போட்டி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எந்த மந்தையின் காளைக்குக் கால் நன்றாக இருக்கிறதோ, கொறங்காடு அந்த மந்தைக்கு. தீர்ப்புச் சொல்ல ஆமையைக் கூப்பிட்டார்கள். கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் மாட்டின் முட்டிக்கு மேலே அதற்குத் தெரியாது. கொம்பையும் திமிலையும் பார்த்து மயங்க வழியே இல்லை.

ஒரு மந்தைக்குத் தலைவன் காரிக்காளை. நாலு காலும் நட்டு வைத்த தூண் மாதிரி இருக்கும். இன்னொரு மந்தைக்குத் தலைவன் செங்கோடன் என்ற மயிலைக்காளை. ஆள் பார்க்க லட்சணமானவன்தான், கால்தான் மெலிவு. அதிலும் பின்னங்கால் இடது முட்டி கொஞ்சம் உள்ளே வாங்கியிருக்கும். அவன் மனைவி பொன்னாத்தாள் என்ற செவலைப்பசு இதை நினைத்து நினைத்தே பாதியாகிவிட்டாள். கடைசியில் குட்டைக்கரையில் இருந்த பாவாத்தாளைத் தேடிப் போனாள்.

பாவாத்தாள் ஒரு கொக்கு. சேற்றுக்குள் நடந்துவிட்டு உடம்பில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் வெளியே வரத் தெரிந்தவள் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

"கன்னுக்குட்டி ரெண்டு நாளா மண்ணை நக்குது அம்மணி. எனக்கு மடி வத்திப் போச்சு. இவரு காலை எப்பிடியாச்சும் சோடிச்சுக் குடு" என்றாள் பொன்னாத்தாள்.

"காலை நான் பாத்துக்கறனுங்கக்கா. மாமா சித்த நேரம் ஆடாம நின்னாப் போதும்."

"நிப்பாரு" என்றாள் பொன்னாத்தாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் மாதிரி ஒரு பெருமூச்சும் விட்டாள்.

தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நின்ற கன்றைப் பாவாத்தாள் பார்த்தாள். விலா எலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. அவளுக்கு மனசு தாங்கவில்லை. "நாலு காலையும் முடிச்சுக் குடுக்காம உங்க மந்தைய விட்டு நான் நகர மாட்டனுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். வேலையைத் தொடங்கும் முன்பே வாக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

போட்டி நாள் விடிந்ததும் வேலை ஆரம்பித்தது. முதலில் குட்டையில் நிறுத்திப் காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டால் நாலு காலையும் தேய்த்தாள். பிறகு வேலமரத்தடிக்குக் கூட்டி வந்தாள். ஊறவைத்த வேலம்பிசினை அலகில் தொட்டு, குளம்பிலிருந்து முட்டி வரைக்கும் மயிரைக் கீழிருந்து மேலாகச் சீவி நிறுத்தினாள். மயிர் நிமிர்ந்து நின்றால் மெலிந்த கால் தடித்துத் தெரியும். கோணல் முட்டிக்கு வெளிப்பக்கம் மட்டும் மயிரைத் தூக்கிவிட்டு, உள்பக்கம் படிய வைத்தால் கோணலும் தெரியாது. நுணுக்கமான வேலை. ஒரு மயிரை இரண்டு முறை சீவினால் பிசின் திரண்டுவிடும்.

முன்னங்கால் வலது முடிந்தது. இடதுக்கு வந்தபோது செங்கோடன் முடிந்த காலைத் தூக்கிப் பார்த்தான்.

"தூக்காதீங்க மாமா, பிசின் காயலீங்க."

"என்ற காலை நான் பாக்கக் கூடாதா அம்மணி?"

"காஞ்சாப் பொறவு நாளெல்லாம் பாருங்க. இப்பக் கீழ வைங்க."

வைத்தான், தன் சாணத்திலேயே வைத்தான். பாவாத்தாள் அந்தக் காலை மறுபடி குட்டைக்குக் கொண்டுபோய்க் கழுவினாள்.

இரண்டாவது கால் முடிந்ததும் அவனுக்கு முதுகு அரித்தது, மரத்தில் போய் உரசினான். மூன்றாவது கால் நடக்கும்போது, "காரிக்கு யாரு சோடிக்கறாங்க? மைனாவா? அது எண்ணெய் போடுமாமா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினான். பாவாத்தாளின் அலகு சீவிய மயிரைக் குறுக்காக இழுத்துவிட்டது. நாலாவது காலுக்கு வந்தபோது அவனுக்குக் கால் வலிக்கிறதாம், சித்தப் படுத்து எழுகிறேன் என்றான்.

"படுத்தீங்கன்னா நான் தலையில மண்ணை வாரிப் போட்டுக்குவேன்!" என்று கத்தினாள் பாவாத்தாள். "நானும் விடியறதுல இருந்து குனிஞ்சே நிக்கறன். எனக்கு ரெண்டு காலுதான், அதுலயும் ஒத்தக் காலுல நிக்கறவ நானு. நாலு காலை வெச்சுக்கிட்டு உங்களுக்கு நிக்க முடியலீங்களா?"

அந்தக் கோபத்துக்குப் பயந்து செங்கோடன் ஆடாமல் நின்ற நேரத்தில்தான் நாலாவது கால் முடிந்தது.

பாவாத்தாள் நாலடி பின்னால் போய் நின்று பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மெலிவும் தெரியவில்லை, கோணலும் தெரியவில்லை. அவள் கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது.

"அருமையா இருக்குதுங்க மாமா. பிசின் காயற வரைக்கும் இங்கயே நில்லுங்க. குளம்புல தேய்க்க ஆமணக்குக் கொட்டை மட்டும் பொறுக்கிட்டு வந்தர்றன். போனேன் வந்தேன்னு வந்தர்றன்."

"எங்க போறன்? இங்கதான் நிக்கறன்" என்றான் செங்கோடன்.

அவள் பறந்ததும் அவன் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். காரியின் கால்கள் எண்ணெய் பூசி வெயிலில் பளபளத்தன. குனிந்து தன் கால்களைப் பார்த்தான். ஈரப் பிசின் மங்கலாக இருந்தது. காய்ந்தால்தான் பிசின் மினுங்கும், அவள் அதைச் சொல்லியும் இருந்தாள். ஆனால் பயந்துபோன மனசுக்குச் சொன்னதெல்லாம் எங்கே ஏறும்? ஆமை வருவதற்குள் காயாவிட்டால்? கன்றின் விலா எலும்பு அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

பக்கத்துப் பனங்காட்டு ஓரத்தில் யாரோ பதநீர் காய்ச்சி ஆறவைத்த பாகு அகலமான கொப்பரையில் இருந்தது. சூரியன் அதில் தங்கமாக மின்னியது. செங்கோடன் ஒவ்வொரு காலாக நாலு காலையும் அதில் முக்கி எடுத்தான்.

ஆமணக்குக் கொட்டையோடு திரும்பி வந்த பாவாத்தாள் அவன் கால்களைப் பார்த்தாள். அலகிலிருந்து கொட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

"மினுங்குது பாத்தியா அம்மணி?" என்றான் செங்கோடன்.

"ஏனுங்க மாமா... இதை யாரு உங்களைப் பண்ணச் சொன்னா?"

"நீ பாதி பண்ணியிருந்தே. மீதிய நான் பண்ணீட்டன்."

கழுவ நேரமில்லை. ஆமை களத்துக்கு வந்துவிட்டது. காளை அசையாமல் நிற்க, ஆமை அதன் நாலு காலையும் சுற்றி ஒரு சுற்று வரும். அது முடிவதற்குள் காலைத் தூக்கினால் அந்தக் காளை தோற்றதாகக் கணக்கு. இதுதான் விதி. காரி நின்றான், ஆமை சுற்றி முடிக்கும்வரை இமைகூட அசைக்கவில்லை.

அடுத்துச் செங்கோடன் வந்து நின்றான். ஆமை முன்னங்காலுக்கு வருவதற்குள் முதல் ஈ வந்து உட்கார்ந்தது. அவன் பொறுத்துக்கொண்டான். பத்து வந்தது, தோலைச் சிலிர்த்தான். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்து ஈ அத்தனையும் வந்தது. வலது காலை உதறினான், இடதை உதறினான், பின்னங்காலால் வயிற்றைத் தட்டினான். கடைசியில் நாலு காலும் ஒன்றாகக் குதித்தன. ஆமை ஓட்டுக்குள் போய்விட்டது.

தூசி அடங்கியதும் ஆமை தலையை மெதுவாக வெளியே நீட்டியது.

"கொறங்காடு காரி மந்தைக்குங்க" என்றது. பிறகு செங்கோடனிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னது: "வர்ற வழியில வேலமரத்தடியில உன்னையப் பாத்தனப்பா. அந்த மாதிரிக் காலை என்ற ஆயுசுல நான் பாத்ததில்லை. நீ அப்பிடியே வந்து நின்னிருந்தா, புல்லு உன்றதுதான்."

பொன்னாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்று மட்டும் தள்ளாடி வந்து அப்பனின் பின்னங்காலை நக்கியது. இனிப்பாக இருந்திருக்க வேண்டும், மறுபடியும் மறுபடியும் நக்கியது. ஈ கடித்துக்கொண்டே இருந்தது. அத்தனை கடிக்கும் செங்கோடன் அந்த ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தான். அதைப் பார்த்தபோது பாவாத்தாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இதைத்தானே காலையிலிருந்து கேட்டேன் என்று தோன்றியது.

வேலிக்கதவு மூடப்பட்டது. செங்கோடனின் மந்தை வாய்க்கால் ஓரமும் வண்டிப்பாதை ஓரமுமாகப் புல் தேடி நடக்கத் தொடங்கியது. நின்ற இடத்தில் வயிறு நிறையாது, நாளெல்லாம் நடக்க வேண்டும்.

பாவாத்தாள் குட்டைக்குத் திரும்பப் பறந்தாள். பாதி வழியில் வாக்கு நினைவுக்கு வந்தது. தலையில் அடித்துக்கொள்ளக் கை இல்லாததால், ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டுத் திரும்பி வந்து செங்கோடனின் காலருகே இறங்கினாள்.

"நில்லுங்க மாமா. ஒரு ஈ விடாமப் பொறுக்கி, பாகைச் சுத்தமா எடுத்துட்டுத்தான் நான் போவேன்."

"பசிக்குது அம்மணி, நின்னா எப்பிடி மேயறது? நடந்துக்கிட்டே எடேன்."

"நடந்துக்கிட்டே எப்பிடிங்க எடுக்கறது!"

"எடுத்துப் பாரேன்" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த அடியை எடுத்து வைத்தான்.

அன்று முதல்தான் மாடு மேயும் இடத்திலெல்லாம் ஒரு கொக்கு அதன் காலடியிலேயே குனிந்தபடி நடக்கிறது; மூன்று காலை முடித்து நாலாவதற்கு வருவதற்குள் மாடு நகர்ந்துவிடுகிறது.