வரிசையில் நின்ற கல்

"சாமி, எதை முதல்ல செய்யணும்?"

கேட்டவர் மருதங்கரை மாநகராட்சியின் மேயர் செண்பகவடிவு. கேட்கப்பட்டவர் குளத்தங்கரைக் கொட்டகைக்கு வெளியே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு மேயரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. ஒரு காலத்தில் இதே ஊரில் தெருத்தெருவாகப் போய்க் குடிநீர் திறந்துவிட்டவர். ஒருநாள் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, இந்தக் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஊர் வைத்த பெயர் குழாய்ச்சாமி. பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, யோசனை கேட்டு வந்தவர்களும் உண்டு. மேயர் இரண்டிலும் சேர்த்தி.

"பதினோரு மணிக்குக் கூட்டம் சாமி. பட்டியல்ல முப்பத்தாறு வேலை இருக்கு. மழைக்கு முன்னால ஒண்ணைத்தான் எடுக்க முடியும். முதல்லயே தப்பா கால் வச்சிட்டேன்னா அஞ்சு வருஷமும் அப்படியே போயிரும்."

"பட்டியல் எப்படி வந்தது?"

மேயருக்கு முகம் மலர்ந்தது. "மனு நாள்ல வந்தவங்க கேட்டது. வந்தவங்க ஒருத்தரைக்கூட விடல. அத்தனை பேரையும் உக்கார வச்சு நானே எழுதினேன்."

சாமி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். உள்ளே போய் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார்.

"ஏழு மணிக்குப் பனையடித் தெருவுல தண்ணி வரும். போய் வரிசையில நில்லுங்க தாயி."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"குடத்தைப் பத்திரமாத் திருப்பிக் கொண்டாங்க."

அவ்வளவுதான். மறுபடியும் பல் துலக்க ஆரம்பித்துவிட்டார்.

*

பனையடித் தெருவில் குழாயடியிலிருந்து மாரியம்மன் கோயில் மூலை வரைக்கும் குடங்கள் நின்றன. மேயர் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுக் குடத்தோடு நடந்து வந்ததைப் பார்த்து, பெண்கள் விலகி வழி விட்டார்கள். ஒருத்தி தன் குடத்தை நகர்த்தி முன்னால் இடம் கொடுத்தாள்.

"வேண்டாம். முறைன்னா முறைதான்" என்று சொல்லி, மேயர் கடைசியில் வைத்தார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படியே வரிசையை ஒரு நோட்டம் விட்டார். பதினொன்றாவதாக, ஒரு சிவப்புக் குடத்துக்கும் ஒரு எவர்சில்வர் குடத்துக்கும் நடுவில், ஒரு கருங்கல் இருந்தது.

"இது யாரோடது?"

மேயருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆள் வராமல், குடமும் வைக்காமல், கல்லைப் போட்டு இடம் பிடிப்பதா? இந்த மாதிரி அநியாயத்தை ஒழிக்கத்தானே இந்த நாற்காலிக்கு வந்தோம்? குனிந்தார். இரண்டு கையாலும் கல்லைத் தூக்கிச் சாக்கடை ஓரமாகப் போட்டார்.

எவர்சில்வர் குடத்துக்காரி பேச்சித்தாய் போய்க் கல்லை எடுத்தாள். முந்தானையால் அதன் சகதியைத் துடைத்தாள். பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீய மேயரம்மா. அது கல்லு இல்ல. அங்க ஆளு நிக்குது."

"ஆளா?"

"பாக்கியத்தக்கா. கடைசி வீடு. காலு ரெண்டும் விழுந்து மூணு வருஷமாச்சு."

"கல்லை யார் கொண்டுவந்து வைக்கிறது?"

"அது அவுக வீட்டு வாசல்ல கெடக்கும். காலையில அந்த வழியா முதல்ல வாரவ எடுத்துட்டு வந்து வைப்பா."

"யாரு இந்த ஏற்பாட்டைப் பண்ணினது?"

பேச்சித்தாய் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"யாரும் பண்ணலியேம்மா" என்றாள் பேச்சித்தாய்.

தண்ணீர் வந்துவிட்டது.

*

குழாயில் விரல் கனத்துக்குத்தான் வந்தது. பத்துக் குடம் நிறைந்தது. கல்லின் முறை வந்தது. கல்லுக்கு அடுத்து நிற்பவள்தான் பிடித்துக் கொண்டுபோக வேண்டும் போல. பேச்சித்தாய் தன் குடத்தை நிறைத்துத் தூக்கினாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

மேயர் தன் குடத்தை வரிசையில் விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனார்.

ஜன்னல் ஓரக் கட்டிலில் பாக்கியத்தம்மா படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே போர்வை. தண்ணீர் பானையில் விழும் சத்தம் கேட்டதும் அவள் முதலில் கேட்டது இதுதான்:

"இன்னைக்கு நான் எத்தனாவது ஆளு பேச்சி?"

"பதினொண்ணாவதுக்கா."

"பரவால்லியே. நேத்தைக்கு இருபதுல்லா."

அப்போதுதான் வாசலில் நின்ற மேயரைப் பார்த்தாள். "யாரு தாயி? உள்ள வாங்க. உக்கார வைக்க ஒண்ணுமில்லியே" என்று தவித்தாள்.

மேயர் பேச வாயெடுத்தார். "நீங்க ஏன் மனு நாளைக்கு..."

போர்வையைப் பார்த்தார். கேள்வியை முடிக்கவில்லை.

*

மேயர் திரும்பி வந்தபோது தண்ணீர் நின்றுவிட்டது. முன்னாலேயே ஓடிவந்த பேச்சித்தாய் தன் முறைக்கும் பிடித்துவிட்டிருந்தாள். இரண்டு குடங்கள் காலி. ஒன்று மேயருடையது. இன்னொன்று, மேயருக்கு முன்னால் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண்ணுடையது.

மேயரால் பொறுக்கமுடியவில்லை. "அந்தக் கல்லு மட்டும் இல்லன்னா உனக்குத் தண்ணி கிடைச்சிருக்கும்லம்மா?"

"ஆமா."

"கோவம் வரலையா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை. மேயரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவுக முறை வந்துச்சுல்லா?"

சொல்லிவிட்டுக் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மேயர் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றார். ஒரு தீர்மானம் கிடையாது, ஒரு முத்திரை கிடையாது, எழுத்து கிடையாது. மூன்று வருஷமாக ஒரு தெருவே இதற்கு வழி விட்டுக்கொண்டிருக்கிறது. கோயிலில்கூட அப்படி நின்றதில்லை. செருப்பைக் கழற்றியிருந்ததை, காரில் ஏறிய பிறகுதான் கவனித்தார். இறங்கிப் போய் மாட்டிக்கொண்டு வந்தார்.

*

பதினோரு மணிக் கூட்டத்தில் மேயரின் மேஜை மேல் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் இருந்தது. நாற்பத்தெட்டு கவுன்சிலர்களும் அதைப் பார்த்தார்கள். கேட்கத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கமிஷனர் பட்டியலைக் கையில் எடுத்தார். எண்களெல்லாம் சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தன. பஸ் ஸ்டாண்டு கூரை இரண்டு. பூங்கா மூன்று. ரவுண்டானா நீரூற்று நான்கு. கடைசி வேலை முப்பத்தேழு.

"மேடம், ஒண்ணாம் எண்ணுக்கு நேரா ஒண்ணுமே எழுதலையே?"

நீரூற்று கேட்ட கவுன்சிலர் துள்ளி எழுந்தார். "காலியாத்தானே கிடக்கு? நம்ம நீரூற்றைத் தூக்கி அதுல போட்டுருங்க!"

"காலியா இல்ல" என்றார் மேயர். "அங்க ஆளு நிக்குது."

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மனு கொடுக்க வர முடியாத அந்த ஆள் யாரென்று பார்க்கப் புறப்பட்டார்.